வாசலில் ஒரு கேள்வி

வீட்டுக்காரர் என்றதும் நம் தோழர்கள் பலருக்கு மனக்கண்ணில் ஓர் உருவம் எழும். கழுத்தில் தங்கச் சங்கிலி, இடுப்பில் சாவிக்கொத்து, முதல் தேதி விடியுமுன் கதவைத் தட்டும் விரல், விளக்கு எரிந்தால் சுளிக்கும் முகம்! திரைப்படங்கள் தீட்டித் தந்த உருவம் அது. அப்படிப்பட்டோர் இல்லை என்று நாம் சொல்லவில்லை, இருக்கிறார்கள். ஆனால், வாடகைக்கு வீடு விடுவோர் அனைவரும் அவர்களே என்று முடிவு கட்டுவது, ஆராயாமல் தீர்ப்பளிப்பதாகும். ஆராயாமல் தீர்ப்பளிக்கும் பழக்கத்தை எதிர்த்துப் புறப்பட்டவர்கள் நாம். அந்தப் பிழையை நாமே செய்தல் ஆகாது.

ஆகவே, வீட்டுக்காரரின் வழக்கை முதலில் கேட்போம்; முழுமையாகக் கேட்போம். கேட்டு முடித்தபின், நாம் அவரைக் கேட்கவேண்டியதைக் கேட்போம்.

ஓய்வு பெற்ற எழுத்தர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். நகரின் புறத்தே வீடு. கீழே அவர் குடியிருக்கிறார். மாடியை வாடகைக்கு விட்டிருக்கிறார். முப்பது ஆண்டு உழைப்பின் சேமநிதி அந்த மாடியில் சுவராக நிற்கிறது. வங்கிக் கடன் கூரையாக நிற்கிறது. மாடியின் மதிப்பு 60 இலட்சம் ரூபாய் என்றும் மாத வாடகை 15,000 ரூபாய் என்றும் கொள்வோம். ஆண்டுக்கு 1,80,000, நூற்றுக்கு மூன்று! ஒரு குடித்தனக்காரர் போய் மற்றொருவர் வருமுன் ஒரு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் 15,000 போயிற்று. வெள்ளையடிக்க இன்னொரு 15,000. சொத்துவரி, குடிநீர்வரி, பழுதான மோட்டார், ஒழுகும் குழாய், அடைத்துக்கொண்ட சாக்கடை எல்லாம் சேர்ந்து 30,000. மீதி 1,20,000, நூற்றுக்கு இரண்டு! அதே பணத்தை வங்கியில் வைத்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருந்தால், இதைவிடக் கூடுதலாக வட்டி கிடைத்திருக்கும். மனைவிலை என்றேனும் ஏறும் என்னும் நம்பிக்கை ஒன்றுதான் அவரைத் தாங்கி நிற்கிறது. "வீட்டை வாங்கு, வாடகைக்கு விடு, மாதாமாதம் கொட்டும்" என்று வீடு விற்போர் முழக்கும் விளம்பரம், இந்தக் கணக்கின் முன்னே வாய் மூடி நிற்கவேண்டியதுதான்.

கணக்கு ஒருபுறம், கலக்கம் மறுபுறம். முதல் மாதம் முதல் தேதியில் வந்த வாடகை, மூன்றாம் மாதம் பதினைந்தாம் தேதிக்கு நகர்கிறது. ஆறாம் மாதம் வாக்குறுதியாக மட்டும் வருகிறது. கேட்டால் கோபம். காலி செய்யுங்கள் என்றால், "வழக்குப் போட்டுப் பாருங்கள்" என்ற பதில். வழக்கு மன்றத்தின் படிகளோ ஏற ஏற நீள்பவை. வழக்குத் தொடுத்தவரின் தலை நரைத்து, தொடுக்கப்பட்டவரின் பிள்ளைக்கு மணமாகி, அதன் பிறகு தீர்ப்பு வந்த கதைகள் எல்லா ஊரிலும் உண்டு. வங்கிக்காரர் அதுவரை காத்திருப்பாரா? தவணை தவறினால் முதலில் பூட்டப்படுவது வீட்டுக்காரரின் வாசல்தான்.

இந்த அச்சம் வானத்திலிருந்து குதித்ததன்று. அதற்கு வரலாறு உண்டு. முதல் உலகப்போரின் நெருக்கடியில், 1918இல், பம்பாயில் வாடகைக் கட்டுப்பாடு பிறந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மாகாணத்திலும் ஆணைகளாக வந்து, 1949இலும் 1960இலும் சட்டங்களாக நிலைபெற்றது. நோக்கம் நல்ல நோக்கம். ஊர்விட்டு ஊர் வந்த ஏழையை, நினைத்த நேரத்தில் தெருவில் தள்ளாதே. நெருக்கடியைப் பயன்படுத்திக் கொள்ளையடிக்காதே என்பதே அதன் உயிர். அந்தப் பாதுகாப்பு இல்லாதிருந்தால் ஆலைத் தொழிலாளரும் அலுவலக எழுத்தரும் என்ன பாடு பட்டிருப்பர் என்பதை எண்ணிப் பார்க்கவே வேண்டியதில்லை.

ஆனால், நோக்கம் நன்றாயிருந்தால் விளைவும் நன்றாயிருந்தே தீரும் என்று எண்ணுவது பகுத்தறிவாகாது. பம்பாயின் 1947ஆம் ஆண்டுச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையை அளவுகோலாக்கி அங்கேயே உறையவைத்தது. அரிசி விலை ஏறியது, கூலி ஏறியது, சுண்ணாம்பு விலை ஏறியது, வாடகை மட்டும் 1940இலேயே நின்றது! வரும் வாடகை பழுதுபார்க்கப் போதவில்லை. பழுது பார்க்காத கட்டடங்கள் பாழாயின. அவற்றைச் செப்பனிடுவதற்கென்றே 1969இல் சட்டம் இயற்றி வாரியம் அமைக்கவேண்டி வந்தது. அந்த வாடகை உறைவு காலப்போக்கில் நியாயமற்றதாகிவிட்டது என்று உச்சநீதிமன்றமே 1997இல் சொல்லவேண்டியதாயிற்று.

விளைவைப் பாருங்கள். இந்திய நகரங்களில் 1961இல் நூற்றுக்கு 54 ஆக இருந்த வாடகைக் குடியிருப்பின் பங்கு, 2011இல் 28 ஆகச் சுருங்கிவிட்டது. அதே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில், நகரங்களில் பூட்டிக்கிடந்த வீடுகள் ஏறத்தாழ 1 கோடியே 10 இலட்சம்! வீடில்லா மனிதர் ஒருபுறம். மனிதரில்லா வீடுகள் மறுபுறம். சொத்துரிமையில் தெளிவின்மை, ஒப்பந்தத்தை நிறைவேற்றிவைக்க வலுவின்மை, வாடகை வருவாயின் சிறுமை ஆகியவை இதற்குக் காரணமாகலாம் என்று 2017-18ஆம் ஆண்டின் நடுவணரசுப் பொருளாதார ஆய்வறிக்கையே எழுதிற்று. பதினொரு மாத ஒப்பந்தம் எழுதுகிறோமே, ஏன் பதினொன்று? ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகை என்றால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பதிந்தாகவேண்டும். ஒரு மாதத்தைக் குறைத்துவிட்டால் தப்பிவிடலாம்! சட்டத்தின் கண்ணில் படாமல் ஒதுங்கி நடக்கும் உறவாகவே வீட்டுக்காரர், குடித்தனக்காரர் உறவு வளர்ந்தது. இருளில் வளர்ந்த உறவில் ஐயம் வளர்ந்ததில் வியப்பென்ன?

இவ்வளவும் வீட்டுக்காரரின் வழக்கு. இதில் பொய்யில்லை. அவர் அச்சம் மெய்யான அச்சம் என்பதை நாம் ஒப்புக்கொள்கிறோம்.

இனி, நம் கேள்வி.

அச்சம் கொண்ட மனிதர் என்ன செய்யவேண்டும்? அச்சத்தின் காரணத்தைக் கண்டு அதற்கேற்ற மருந்தைத் தேடவேண்டும். வாடகை வராதோ என்பது அச்சமானால், வருவாய் என்ன, வேலை எங்கே, முன்பு குடியிருந்த வீட்டில் ஒழுங்காகக் கொடுத்தாரா என்று கேட்கவேண்டும். காலி செய்யமாட்டாரோ என்பது அச்சமானால், தெளிவான ஒப்பந்தம் எழுதிப் பதிந்துகொள்ளவேண்டும். வீட்டைப் பாழாக்குவாரோ என்றால், முன்பணம் இருக்கிறது. ஒப்படைக்கும்போது இருந்த நிலையை எழுதிக் கையொப்பம் வாங்க வழி இருக்கிறது. இவையெல்லாம் அறிவு காட்டும் வழிகள்.

நம் வீட்டுக்காரர் என்ன கேட்கிறார்? வந்தவரை ஏற இறங்கப் பார்க்கிறார். பெயரைக் கேட்கிறார், பெயரில் விளங்காவிட்டால் தந்தையின் பெயரைக் கேட்கிறார், அதிலும் விளங்காவிட்டால் சொந்த ஊரைக் கேட்கிறார், ஊரிலும் எந்தத் தெரு என்று கேட்கிறார். கடைசியில், குரலைத் தாழ்த்தி, "தப்பா எடுத்துக்காதீங்க, நீங்க என்ன ஆளுங்க?" என்று கேட்டே விடுகிறார்!

தோழர்களே, இந்தக் கேள்விக்கும் அந்த அச்சத்துக்கும் என்ன தொடர்பு? சாதி வாடகை கொடுக்குமா? கோத்திரம் குழாயை உடைக்காமல் காக்குமா? பிறந்த தெரு, காலி செய்யும் தேதியை நினைவூட்டுமா? பூனை குறுக்கே போயிற்று, ஆகவே பயணம் கெடும் என்கிறவரைப் பார்த்து நகைக்கிறோம். பிறப்பு இன்னது, ஆகவே வாடகை வராது என்கிறவர் வேறென்ன செய்கிறார்? அவர் பார்ப்பதும் சகுனமே! பூனைச் சகுனத்தால் கெடுவது பார்ப்பவரின் பயணம் மட்டுமே. சாதிச் சகுனத்தால் கெடுவதோ மற்றொருவரின் வாழ்வு.

சகுனம் பார்ப்பவரிடம் ஒரு கணக்குத் தந்திரம் உண்டு. பலித்ததை மட்டும் எண்ணுவார், பொய்த்ததை மறந்துவிடுவார். வீட்டுக்காரரிடமும் அதே தந்திரம். தம் சாதிக்காரர் ஆறு மாத வாடகையை ஏய்த்துவிட்டுப் போனால், "அந்த ஆள் மோசம்" என்கிறார். வேறு சாதிக்காரரோ வேறு மதத்தவரோ ஏய்த்தால், "அவங்களே அப்படித்தான்" என்கிறார். ஒருவன் செய்த குற்றம் அங்கே ஒருவனோடு நிற்கிறது. இங்கே இலட்சம் பேர் தலையில் ஏறுகிறது! இந்தத் தராசைக் கையில் வைத்துக்கொண்டு, பட்டறிவால் பேசுகிறேன் என்பது பட்டறிவுக்கே இழுக்கு.

இது நம் கற்பனை அன்று. தில்லித் தலைநகர் வட்டாரத்தில், ஒரே தகுதியுடையோர் வெவ்வேறு பெயர்களில் வாடகை வீடு கேட்டால் என்ன நிகழ்கிறது என்பதைப் பேராசிரியர் சுகதேவ் தோரட்டும் உடன் ஆய்ந்தோரும் சோதித்து, 2015இல் வெளியிட்டனர். மேல்சாதிப் பெயரில் கேட்டவர்களுக்கு மறுப்பே இல்லை. தலித் பெயரில் கேட்டவர்களுக்கும் முசுலிம் பெயரில் கேட்டவர்களுக்கும் மறுப்பும் கிடைத்தது. மறுக்காத இடத்தில் கூடுதல் வாடகையும் கூடுதல் கட்டுப்பாடுகளும் கிடைத்தன. பணம் ஒன்றே, வேலை ஒன்றே, மாறியது பெயர் மட்டுமே!

வீட்டுக்காரர் விடையின்றி நிற்கவில்லை. நான்கு விடைகள் வைத்திருக்கிறார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்போம்.

முதல் விடை: "என் வீடு, என் விருப்பம்." வீடு அவருடையதே, மறுப்பாரில்லை. விருந்துக்கு எவரை அழைப்பது என்பது அவர் விருப்பம்; திண்ணையில் எவரோடு அமர்ந்து பேசுவது என்பது அவர் விருப்பம். ஆனால், விலைக்கு என்று பலகை மாட்டிய பிறகு அது விருந்தன்று, வாணிகம். உணவு விடுதிக்காரரும் "என் கடை, என் விருப்பம்" என்று ஒரு காலத்தில் சொன்னார். அரசியல் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கடைக்கும் உணவு விடுதிக்கும் தங்குமிடத்துக்கும் அந்த விருப்பம் செல்லாது என்றது. மேலும், அந்த மாடி மாதம் 15,000 ரூபாய் பெறுவது செங்கல்லால் மட்டுமா? தெருவுக்குப் போட்ட சாலையால், குழாயில் வரும் நீரால், அருகிலிருக்கும் பள்ளியால், பேருந்தால், இரயிலால்! அத்தனையும் எல்லாருடைய வரியில் விளைந்தவை. ஒதுக்கப்பட்டவனுடைய வரியும் அதில் உண்டு. எல்லாரும் கூடி ஏற்றிய மதிப்பை விற்கும்போது, எல்லாருக்கும் விற்பதுதானே முறை?

இரண்டாம் விடை: "கீழே நாங்கள் குடியிருக்கிறோம். பழக்கவழக்கம் ஒத்துவர வேண்டாமா?" ஒதுக்கிவிடத்தக்க விடையன்று இது. அமெரிக்காவில் 1968இல் வீட்டு வாடகையில் பாகுபாட்டைத் தடுத்துச் சட்டம் இயற்றியபோதும் இதே வாதம் எழுந்தது. நான்கு குடித்தனங்களுக்கு மேற்படாத கட்டடத்தில் உரிமையாளரும் உடன் குடியிருந்தால் அச்சட்டத்திலிருந்து பெரும்பாலும் விலக்கு என்று எழுதினர். ஆனால், அதே ஆண்டில் அந்நாட்டு உச்சநீதிமன்றம், நிறவெறியால் வீடு மறுப்பதை 1866ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது என்று கூறியது. அதில் அந்த விலக்கு இல்லை.

இதில் நமக்கொரு பாடம் உண்டு. நடத்தை வேறு, பிறப்பு வேறு. "இரவு பத்து மணிக்கு மேல் இரைச்சல் கூடாது", "மாடிப்படியில் குப்பை கூடாது", "வண்டியை வழியில் நிறுத்தக்கூடாது" என்பவை நடத்தைக்கு இடும் விதிகள். எவரும் கைக்கொள்ள முடிந்தவை. மீறினால் தட்டிக் கேட்கக்கூடியவை. "இன்ன பிறப்பு கூடாது" என்பது விதியன்று. எவ்வளவு முயன்றாலும் ஒருவன் நிறைவேற்ற முடியாத ஒன்றை விதி என்று அழைப்பது கொடுமை.

"சைவம் மட்டும் என்பது நடத்தை பற்றியதுதானே?" என்று கேட்கலாம். தோற்றத்தில் ஆம். சோதித்துப் பாருங்கள். ஒதுக்கப்பட்ட குலத்தில் பிறந்து, புலால் தொடாத ஒருவர் வருகிறார், வீடு கிடைக்கிறதா? வீட்டுக்காரரின் உறவினர், புலால் உண்பவர், வருகிறார், மறுக்கப்படுகிறாரா? முதல்வருக்கு வீடு கிடைத்து, இரண்டாமவருக்கு மறுக்கப்பட்டால் அது உணவு பற்றிய விதி என்று ஒப்புக்கொள்வோம். முடிவு தலைகீழானால், இலையில் இருப்பதைப் பற்றிய கேள்வியன்று அது. இலைக்கு முன்னால் இருப்பவனைப் பற்றிய கேள்வி!

மூன்றாம் விடை: "எனக்கு ஒன்றுமில்லை, அக்கம்பக்கத்தார் என்ன சொல்வார்கள்?" இந்த விடையைக் கேட்கும்போதெல்லாம் நமக்கு 1917ஆம் ஆண்டின் பரோடா நினைவுக்கு வருகிறது. நியூயார்க்கிலும் இலண்டனிலும் பயின்றுவிட்டு, பரோடா அரசின் பணியில் சேர வந்தார் அண்ணல் அம்பேத்கர். ஊரில் தங்க இடமில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில், பார்சிப் பெயரில் தங்கினார். விடுதியைப் பார்த்துக்கொண்டவருக்கு உண்மை தெரியும். ஆனாலும் வாடகை வந்தது, இடம் கொடுத்தார். பதினோராம் நாள் தடியேந்திய கூட்டம் ஒன்று வந்தது. மாலைக்குள் வெளியேறு என்றது. நண்பர்கள் வீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. பூங்காவில் அமர்ந்திருந்துவிட்டு, இரவு இரயிலேறிப் பம்பாய்க்குத் திரும்பினார் அந்தப் பேரறிஞர். சாவி வைத்திருந்தவர் ஒப்பினார், தெரு ஒப்பவில்லை! தெருவுக்கு அஞ்சும் வீட்டுக்காரரே, ஐயா, தெரு என்பது யார்? உம்மைப்போல் ஒவ்வொருவரும் "எனக்கு ஒன்றுமில்லை, மற்றவர்கள்தான்" என்று சொல்லிக்கொண்டு கூடி நிற்கும் கூட்டம்தானே? ஒரு வீட்டுக் கதவு திறந்தால் தெரு நான்கு நாள் பேசும். ஐந்தாம் நாள் அதற்கு வேறு பேச்சுக் கிடைத்துவிடும்.

நான்காம் விடை: "நம்மவர் என்றால் ஒரு பாதுகாப்பு." இதுதான் எல்லாவற்றிலும் ஏமாந்த விடை. நம்மவரிடம் வாடகை பாக்கி நின்றால் வாய்விட்டுக் கேட்க முடிகிறதா? மைத்துனரின் சம்பந்தி, மாமன் வழிச் சொந்தம், கேட்டால் மனத்தாங்கல்! ஒப்பந்தம் எழுதக் கூச்சம். எழுதினாலும் நிறைவேற்றக் கூச்சம். "நம்மவர்" வரும்வரை வீட்டைப் பூட்டிவைத்துக் காத்திருக்கும் ஒவ்வொரு மாதமும் ஆண்டு வருவாயில் பன்னிரண்டில் ஒரு பங்கு கரைகிறது. நூற்றுக்கு இரண்டு என்று நாம் போட்ட கணக்கை மறந்துவிடாதீர்கள். அந்த இரண்டையும் தின்பது சாதி!

அப்படியானால் அச்சத்துக்கு மருந்து எது? மருந்து வந்திருக்கிறது. தமிழ்நாட்டில் 1960ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக, வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் ஆகிய இருவரின் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம், 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்தது. வாடகையை இருவரும் பேசி முடிவு செய்யலாம். ஆனால் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும். வாடகை பாக்கி நின்றால் வெளியேற்றக் கேட்கலாம். நீரையும் மின்சாரத்தையும் வெட்டி வதைக்கக்கூடாது. வழக்குக்கென்று தனி மன்றமும் தீர்ப்பாயமும் உண்டு. அம்மன்றங்கள் விரைந்து இயங்கவேண்டும் என்று கேட்போம். அது வீட்டுக்காரரின் கோரிக்கை மட்டுமன்று, நம் கோரிக்கையும் ஆகும். நீதி விரையும் இடத்தில் அச்சம் குறையும். அச்சம் குறையும் இடத்தில் சகுனத்துக்கு வேலையில்லை.

ஒரு குறையையும் சொல்லியாகவேண்டும். அச்சட்டம் வாடகையைப் பற்றிப் பேசுகிறது, முன்பணத்தைப் பற்றிப் பேசுகிறது, காலத்தைப் பற்றிப் பேசுகிறது. பிறப்பைக் காட்டி வீடு மறுக்காதே என்று பேசவில்லை. தீண்டாமையின் பெயரால் குடியிருப்பைத் தடுப்பதை 1955ஆம் ஆண்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் குற்றம் என்கிறது. ஆனால், "நேற்றே வேறொருவருக்குப் பேசி முடித்துவிட்டோம்" என்று புன்னகையோடு சொல்லும் பொய்யை எந்தச் சாட்சி கொண்டு மெய்ப்பிப்பது? வாடகைச் சட்டத்திலேயே அந்த ஒரு வரி ஏறவேண்டும்.

இனி, தோழர்களே, உங்களிடம் இரண்டு சொல்.

நம்மிற் பலர் வாடகைக்குக் குடியிருப்பவர். வாடகை தராமல் ஏய்ப்பதைப் புரட்சி என்று எவனேனும் சொன்னால் நம்பாதீர்கள். ஓய்வூதியக்காரர் ஒருவரின் மருந்துச் செலவை விழுங்கிவிட்டுப் புரட்சி பேசுவது பித்தலாட்டம். சொன்ன தேதியில் கொடுங்கள். சொன்ன தேதியில் காலி செய்யுங்கள். உடைத்ததைச் செப்பனிட்டுக் கொடுங்கள். நீங்கள் ஏய்த்துவிட்டுப் போன வீட்டின் கதவு, அடுத்து வரும் ஒதுக்கப்பட்டவன் முகத்தில்தான் அறைந்து சாத்தப்படும். உங்கள் கடனை அவன் கட்டுகிறான்!

நம்மிற் சிலர் வீட்டுக்காரரின் பிள்ளைகள். உங்களுக்குத்தான் தேர்வு கடினம். ஆசிரியர் தொழிலில் இருக்கும் நாம் ஒன்று அறிவோம்: பாடத்தை ஒப்பிப்பவன் வேறு, கணக்கைப் போட்டுக் காட்டுபவன் வேறு. சாதி ஒழிக என்று மேடையில் முழங்குவது ஒப்பித்தல். உங்கள் வீட்டு மாடி காலியாகும்போது தந்தையோடும் தாயோடும் அமர்ந்து, அவர்கள் அச்சத்தை மதித்துக் கேட்டு, ஒப்பந்தத்தை நீங்களே எழுதி, பதிவுக்கு நீங்களே அலைந்து, "வருவாயைக் கேளுங்கள், வேலையைக் கேளுங்கள், முந்தைய வீட்டில் விசாரியுங்கள், அந்த ஒன்றை மட்டும் கேளாதீர்கள்" என்று சொல்லி ஒப்பவைப்பதே கணக்கைப் போட்டுக் காட்டுதல். அங்கே கைதட்டல் கிடைக்காது. இரண்டு நாள் வீட்டில் பேச்சு வார்த்தை இல்லாமலும் போகலாம். ஆனால், ஒரு குடும்பத்துக்குக் கூரை கிடைக்கும்.

ஜான் ராவ்ல்ஸ் என்னும் அமெரிக்க அறிஞர், நீதி பற்றி 1971இல் எழுதிய நூலில், சமுதாய விதிகளை வகுப்பவர் தாம் எந்த நிலையில் பிறக்கப்போகிறோம் என்பதை அறியாமல் வகுக்கவேண்டும் என்றார். நமக்கு எளிதாகப் புரியும்படி அதைச் சொல்வோம்: நாளை நாம் சாவியோடு வாசலின் உள்ளே நிற்போமா, மூட்டை முடிச்சோடு வெளியே நிற்போமா என்பது தெரியாது என்று வைத்துக்கொள்வோம். அப்போது எந்த விதியை எழுதுவோம்? ஏய்ப்பவன் வெளியேறவேண்டும் என்று எழுதுவோம், உள்ளே நிற்கக்கூடுமல்லவா! பிறப்பைக் கேட்கக்கூடாது என்றும் எழுதுவோம். வெளியே நிற்கவும் கூடுமல்லவா! வீட்டுக்காரர் கேட்கும் நீதியும் ஒதுக்கப்பட்டவன் கேட்கும் நீதியும் ஒன்றோடொன்று மோதுவன அல்ல. ஒரே ஒப்பந்தத்தின் இரு பக்கங்கள் அவை. இரண்டிலும் கையொப்பமிட நாம் அணியமாயிருக்கிறோம். வீட்டுக்காரர் அணியமா?